ஆடி மாதச் சம்பளம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத்தான் தெரியும். மூளைக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். மகளின் படிப்புக்கு உதவி கேட்டிருந்த அறக்கட்டளையிலிருந்து போன் வந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. மாமல்லபுரம் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஓட்டல் ஒன்றில் சலவை அறை என் பொறுப்பு. குளியல் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குரல், மரியாதையான குரல்தான், நான் இன்னாரின் அம்மாதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டது. பிறகு, "உங்க வீட்டுக்காரர் பேங்க் கணக்குல போன வருஷம் நிறைய பணம் வந்திருக்கேம்மா, அது எந்த வருமானம்?" என்று கேட்டது.

எங்கள் வீட்டுக்கு நிறையப் பணம் வந்திருக்கிறது என்ற நல்ல சேதியே எனக்கு அப்போதுதான் தெரியும். "எந்த மாசம் மேடம்?" என்றேன். "ஆடி மாசம். ஆகஸ்ட் முதல் ரெண்டு வாரம்" என்றது குரல். ஆடி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால் பயம் குறையவில்லை, கூடியது. அது எங்கள் பணம் இல்லை. எங்கள் ஊர்க் கோயில் ஆத்தாவின் பணம். அதை எந்தத் தாளில் எப்படி எழுதிக் காட்டுவது?

"வூட்ல கேட்டுட்டு சொல்றேன் மேடம்" என்றேன். "கேட்டு வைங்க. நான் நேர்லயே வந்து பாக்கிறேன். கணக்கு ஒத்து வரலைன்னா விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கவேண்டியதா போயிடும்" என்று சொல்லி, வருகிற கிழமையையும் சொன்னார் அந்த அம்மா. மிரட்டவெல்லாம் இல்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதற்கப்புறம் நான் மடித்த துண்டுகளை மேற்பார்வையாளர் திரும்ப மடிக்கச் சொன்னார்.

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் மகளுக்குக் கண் பரிசோதனைப் படிப்பில், ஆப்டோமெட்ரி என்கிறார்கள், சென்னைக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எட்டாம் வகுப்புவரை அவளுக்குக் கரும்பலகை தெரியாது. தெரியவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் முகாமில் ஒரு அக்கா அவள் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாளாம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ம்மா, மரத்துல எலை தனித்தனியா கீதும்மா" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த அக்காவாகத்தான் ஆகவேண்டும்.

கல்லூரிக் கட்டணம் எங்களால் ஆகிற காரியம் இல்லை. இந்த அறக்கட்டளை நான்கு வருடமும் கட்டும். ஆனால் குடும்ப வருமானம் அவர்கள் சொல்கிற வரம்புக்குள் இருக்கவேண்டும், அதற்கான தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும். கல்லூரியோ ஆடி பிறப்பதற்குள் முதல் கட்டணம் வந்தாகவேண்டும் என்றது. வராவிட்டால் அவள் தன் அப்பாவின் வண்டியிலேயே ஏறவேண்டியதுதான். என் வீட்டுக்காரர் திருக்கழுக்குன்றம் சுற்றுவட்டாரப் பெண்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி இருக்கும் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் விடுகிற வேன் டிரைவர். பன்னிரண்டாவது முடித்த பெண்கள் அந்த வண்டியில் தினமும் புதிதாக ஏறுவார்கள். அவர்கள் உழைத்துச் சம்பாதிப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் என் மகள் இலையைப் பார்த்துவிட்டாள்.

தாள்களைச் சேர்க்கப் பட்ட பாடு தனிக் கதை. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டு, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, தாசில்தார் ஒப்புதல் வந்து அது கைக்குக் கிடைத்தது. வண்டி ஒப்பந்தக்காரர் சம்பளத்தில் கொஞ்சம் வரி பிடித்துவிட்டுத்தான் தருவார். அதைத் திரும்ப வாங்குவதற்காக என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் வருமான வரி ரிட்டர்ன் போடுவார். அந்தத் தாளும் இருந்தது. சான்றிதழும் ரிட்டர்னும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாக நின்றன. மூன்றாவதாக வங்கியின் ஒரு வருட ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். அதுதான் குடும்பத்தில் கலகம் பண்ணியது.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில், பிரதான சாலையிலிருந்து உள்ளே போகவேண்டிய ஊர். ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்போம். ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி. கோயில் வாசலில் வரிசையாக வைக்கிற கூழ்ப்பானைகளில் கொடுக்காத வீட்டின் பானைக்கு இடம் கிடையாது. முன்பெல்லாம் காசாகத்தான் வசூல். ஊரப்பாக்கம், சென்னை என்று பிள்ளைகள் குடிபோனபிறகு எல்லாரும் போனில் அனுப்புகிறேன் என்றார்கள். கோயில் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனால் பதிவு செய்த பத்திரம் கேட்டார்கள். அது யாரிடம் இருக்கிறது? "அண்ணாத்த, உங்க நம்பர்ல போட்டுக்கலாமா?" என்று இளவட்டங்கள் கேட்டார்கள். இவர் தலையாட்டினார். இவருக்குத் தலையாட்டுவது கைவந்த கலை. மறுநாளே இவர் கணக்குக்குப் பணம் போட போனில் ஸ்கேன் செய்கிற கட்டப்படம் ஒட்டிய அட்டை கோயில் இரும்புக் கதவில் தொங்கியது. ஊர்ப் பணம் முழுக்க இவர் கணக்கில் விழுந்து, ஏ.டி.எம். வழியாக வெளியே வந்து, மேளமாகவும் சீரியல் விளக்காகவும் கேழ்வரகாகவும் போய்விடும். கையில் காசாகக் கொடுப்பவர்களும் இவரிடமே கொடுப்பார்கள். யார் கொடுத்தார்கள் என்பது இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

போன் வந்த அன்று அவர் வேனை நிறுத்திவிட்டு முகம் கழுவக்கூட விடவில்லை நான்.

"போன வருஷத்துக் கூழ்க் கணக்கு எங்க கீது?"

"எது?"

"கோயில் கணக்குய்யா. யாரு எவ்ளோ குடுத்தாங்கன்னு எழுதினியே, அந்தத் தாளு."

"அதான் படிச்சி முடிச்சி கொளுத்தியாச்சே. நீயும்தான அங்க நின்னுகினு இருந்த."

நின்றுகொண்டுதான் இருந்தேன். எங்கள் ஊர் வழக்கம் அது. ஆடிக் கடைசி ஞாயிறு, கோயில் வாசலில் கணக்குப் படிப்பார்கள். ஒவ்வொரு வீட்டையும் சொல்லச் சொல்ல, கூடியிருக்கிறவர்கள் "வந்திச்சி" என்று குரல் கொடுப்பார்கள். வரவும் செலவும் படித்து முடிந்ததும் கணக்கு வைத்திருந்தவர் தாளைக் கற்பூரத்தில் காட்டிக் கொளுத்திவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை எல்லார் முன்னாலும் உதறிப் போட்டுக்கொள்வார். என்னிடம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்தக் கணக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அது கணக்கு வைத்தவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். ஊருக்கு இது நல்ல ஏற்பாடுதான். சண்டை மிச்சம். ஆனால் உலகத்தில் எந்த ஊரிலாவது கணக்கை எரிக்கிறவனைக் கணக்கு வைக்கச் சொல்வார்களா?

நான் யோசனை சொன்னேன். தாள் எரிந்தால் என்ன, பணம் போட்டவர்களின் போனில் அது பதிவாகி இருக்குமே. வீடு வீடாகப் போய், இன்ன தேதியில் கோயிலுக்காகப் போட்டேன் என்று காட்டச் சொன்னால் முடிந்தது. இதை எனக்குச் சொல்லித்தந்தது என் மகள்தான். அவள் உள்ளறையில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் எங்களையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஆவாது" என்றார்.

"இன்னாத்துக்கு ஆவாது?"

"கணக்கு படிச்சாச்சி. துண்டு ஒதறியாச்சி. இப்ப போயி வூடு வூடா நீ குடுத்தியா நீ குடுத்தியான்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"உன் பொண்ணு படிப்பு கெட்டுப்போனா மட்டும் நல்லா கீதா?"

அவருக்குக் கோபம் வந்தால் பேசிவிடுவார், நான் சமாளித்துவிடுவேன். பேசாமல் போய் வேனின் முன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார் என்றால் சுவரோடுதான் முட்டிக்கொள்ளவேண்டும். துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சில நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டலில் போர்வையை மடிக்கும்போது, பேருந்தில் நிற்கும்போது, குழாயடியில் குடம் நிறையும்போது எல்லாம் ஒரே யோசனை. ஏன் இந்த மனுஷன் இப்படிப் பயப்படுகிறார்? கேட்டால் என்ன குடியா முழுகிவிடும்? ஒருவேளை கணக்கில் ஏதாவது கைவைத்திருப்பாரோ? நினைத்த மாத்திரத்தில் என்னையே ஒரு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வேனில் யாரோ விட்டுப்போன சோற்று டப்பாவைக்கூட அடுத்த நாள் தேடிப்பிடித்துக் கொடுக்கிறவர் அவர். ஆனாலும் நினைப்பு போகவில்லை. பயத்துக்கு வெட்கம் மானம் கிடையாது, யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படும்.

அவர் கேட்கமாட்டார் என்றால் நான் கேட்பேன் என்று முடிவு செய்தேன். வீடு வீடாகப் போகவில்லை. குழாயடியில் போட்டுவைத்தேன். எங்கள் ஊரில் மைக் வைப்பதைவிட அது சீக்கிரம். மகள் படிப்புக்காகச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வருகிறார்கள், கூழுக்குப் போட்ட பணம் யார் போனில் இருக்கிறதோ கொண்டுவந்து காட்டினால் புண்ணியமாகப் போகும் என்றேன். "அதுக்கின்னா, காமிச்சிட்டா போச்சி" என்றார்கள். பிறகு நாற்காலி கடன் கேட்க இட்லிக்கடை அக்கா வீட்டுக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்தில் காலையில் நாஸ்தா கடை போடுகிறவள். போன வருடம் முழுக்க அவள் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்து, பிறகு போய்ச்சேர்ந்தார். எங்கள் வீட்டில் ஒரு நல்ல நாற்காலிகூடக் கிடையாது, அவளிடம் கடைக்கான பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு.

"மேடம் வந்து இன்னா கேப்பாங்க?" என்றாள்.

"ஆடி மாசத்து பணம் யாருதுன்னு கேப்பாங்கக்கா. இவரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு. எனக்குப் பேஜாரா கீது."

அவள் நாற்காலியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்துவிட்டு, "நானே தூக்கியாந்து போடறேன், நீ போ" என்றாள்.

மேடம் வருகிற அன்று காலையில் என் பதற்றம் போதாதென்று அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஊருக்குச் சென்னையிலிருந்து ஒரு அம்மாள் பெண்ணைப் பார்க்க வருகிறாள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நான் ஓட்டலிலிருந்து அரைநாள் விடுப்பில் வந்து பார்த்தால், எதிர்வீட்டுக்காரி தன் புது டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து சுழலவிட்டிருக்கிறாள். பக்கத்துவீட்டு டீப்பாய் நடுவில். அதன்மேல் யார் வீட்டுக் கண்ணாடித் தட்டோ, அதில் முந்திரி. போதாக்குறைக்கு மகளின் கழுத்தில் ஒரு சங்கிலி. "ஐயையோ, நாம இல்லாதப்பட்டவங்கன்னு காட்டணும்டீ, சம்பந்தமா பேச வர்றாங்க?" என்று கத்தினேன். முந்திரியைத் தூக்கி ஒளித்தேன். சங்கிலியைக் கழற்றினேன். ஃபேனைத் தூக்குவதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

வந்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். சம்பளம் வாங்காமல் அறக்கட்டளைக்கு இந்த வேலையைச் செய்கிறார். நூல் புடவை, தோளில் துணிப்பை. உள்ளே வந்ததும் ஃபேனைப் பார்த்தார், டீப்பாயைப் பார்த்தார். "அது எங்களுது இல்லீங்க மேடம்" என்றேன். கேட்கும் முன்பே சொன்னதால் அது இன்னும் கேவலமாகக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. "உட்காருங்கம்மா, நீங்க நின்னா எனக்கு எழுத வராது" என்றார்.

மகளிடம் கொஞ்சம் பேசினார். பிறகு ஸ்டேட்மென்ட்டைப் பிரித்தார். ஆடி மாதத்துப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இவ்வளவு பேர் உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்காங்க. எல்லாம் ஒரே தொகை. வட்டிக்கு விடறீங்களா, சீட்டு பிடிக்கிறீங்களா?" என்றார்.

"ஆத்தா காசு மேடம்" என்றார் இவர். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

நான் இடையில் புகுந்து கூழ், தலைக்கட்டு, இரும்புக் கதவில் தொங்கும் அட்டை எல்லாவற்றையும் கொட்டினேன். கணக்குத் தாள் எங்கே என்றார். கொளுத்திவிட்டோம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணம் எங்களையே பார்த்தார். முப்பது வருடம் வங்கியில் உட்கார்ந்த மனுஷிக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்போதுதான் வாசலில் நின்றிருந்த பெண்கள் போனும் கையுமாக உள்ளே வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி முதலில் நீட்டினாள். "இந்தா பாருங்க மேடம், எம் புள்ள ஊரப்பாக்கத்துலருந்து போட்டது. கூழுன்னு எழுதிகீறான் பாருங்க." மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனையும் தாளையும் ஒத்துப்பார்த்து ஒரு டிக் போட்டார். இன்னொரு போன், இன்னொரு டிக். சிலர் காசாகக் கொடுத்தோம் என்றார்கள், அதையும் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு டிக்குக்கும் என் பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என் வீட்டுக்காரர் மட்டும், "போதும் மேடம், இதுவே போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேர்த்து வழிந்தது அவருக்கு, ஓடுகிற ஃபேனுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு.

மேடம் பக்கத்தைத் திருப்பினார். "வந்த பணம் புரியுது. நம்பறேன். ஆனா இன்னொண்ணு இருக்கு" என்றார். "திருவிழாவுக்காக எடுத்த பணம் வந்ததைவிட அதிகம். உங்க அந்த மாசச் சம்பளம் முழுசையும் சேர்த்து எடுத்திருக்கீங்க. ஒரு ரூபா மிச்சம் இல்லை. அப்போ அந்த மாசம் வீட்டுச் செலவு எப்படி நடந்தது? வேற வருமானம் எங்கேருந்து வந்தது?"

நான் சட்டென்று, "அந்த மாசம் இவருக்குச் சம்பளமே வரலீங்க மேடம். கம்பெனில லேட்டுன்னாரு. என் சம்பளத்துலயும் என் கம்மல அடகு வெச்சும்தான் ஓட்டினோம்" என்றேன்.

மேடம் தாளை என் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். "வழக்கமா வர்ற தேதியிலேயே வந்திருக்கேம்மா."

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. எண்கள் தெரியும். பார்த்தேன். வந்திருந்தது. எடுத்திருந்தார். போன வருடம் நான் கம்மலைக் கழற்றிக் கொடுத்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப்போனது நினைவுக்கு வந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதும் அதே குனிந்த தலை. அந்த நொடியில் எனக்குள் என்னென்ன ஓடியது என்று எழுதினால் நீங்கள் என்னை மதிக்கமாட்டீர்கள். குடியா, வேறு வீடா, சூதா? மகள் கதவருகில் வெளுத்துப்போய் நின்றிருந்தாள். மேடம் பேனாவை மூடினார். அந்த மூடியின் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

"அது எங்க வூட்டு வரி மேடம்."

சொன்னது இட்லிக்கடை அக்கா. தான் கொண்டுவந்து போட்ட நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவ்வளவு நேரம் அவள் போனை நீட்டவும் இல்லை, காசாகக் கொடுத்தேன் என்று சொல்லவும் இல்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

"இன்னாத்துக்குக்கா இதெல்லாம்?" என்று என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"நீ சும்மா இருப்பா." மேடத்தைப் பார்த்தே பேசினாள். "போன வருசம் நான் வரி குடுக்கல. எங்க வூட்டுக்காரரு படுத்த படுக்கையா இருந்தாரு, மருந்துக்கே டப்பு இல்ல. பானை வரிசையில எடம் இல்லாம பூடுமேன்னு இவருகிட்ட வந்து அழுதேன். நீ குடுத்ததா நான் படிச்சிடறேன், நீ பானைய எடுத்துகினு வான்னாரு. என்ன மாரியே இன்னும் ரெண்டு மூணு வூடு கீது. அவங்க யாருன்னு நான் சொல்ல மாட்டேன். என்னுத மட்டும் எழுதிக்கோங்க."

வீட்டில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். போன ஆடியில் அவள் எங்களோடு வரிசையில் பானையை வைத்து, வேப்பிலை செருகி, மற்றவர்களைப் போலவே நிமிர்ந்து நின்றது எல்லாருக்கும் நினைவிருந்திருக்கும். எனக்கு இருந்தது.

மேடம் பேனாவைத் திறந்தார். "எழுதிக்கலாமாம்மா? உங்க பேரோட?"

"எழுதிக்கோங்க."

எழுதினார். நீளமாக எழுதினார். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "அடுத்த வருஷத்துக்குள்ள கோயிலுக்குத் தனிக் கணக்கு ஆரம்பிங்க. இல்லன்னா வரி ஆபீஸ்லேருந்தும் ஒருநாள் இதே கேள்வி வரும்" என்றார். மகளின் தோளைத் தொட்டார். உதவி கிடைக்குமா கிடைக்காதா என்று மட்டும் சொல்லவில்லை.

எல்லாரும் போனபிறகு நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. மற்றவர்கள் மானத்துக்கு என் காது மூளியாக வேண்டுமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, நான் என்ன தண்டோராவா போட்டிருப்பேன்?

"நீ சொல்ல மாட்ட" என்றார். "ஆனா அந்தக்காவ பாக்கறப்பல்லாம் உன் மூஞ்சில தெரியும். உன் மூஞ்சில எதுதான் தெரியாம இருக்குது?"

அநியாயத்துக்கு உண்மை அது.

ஆடி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. மகள் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். வேனில் காலியாக எத்தனை இருக்கை இருக்கிறது என்று ஒருநாள் அவள் அப்பாவிடம் கேட்டாள். விளையாட்டாகக் கேட்பதைப் போலத்தான் கேட்டாள். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய்விட்டார். கல்லூரி சொன்ன கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது செய்தி வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, கட்டணம் கல்லூரிக்கே அனுப்பப்படும் என்று இருந்தது. மகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு, போன் தவறுதலாக வேறு யாருக்கோ வரவேண்டியதைக் கொடுத்துவிட்டதோ என்று மறுபடி படிக்கச் சொன்னேன்.

ஆனால் என் வயிறு அதோடு விடவில்லை. ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. குழாயடியில் நான் போனால் நிற்கிற பேச்சு. "வரி குடுக்காமலே பானை வெச்சாளாமே" என்று யாரோ சொல்லி, யாரோ "அப்ப நாம மட்டும் இன்னா இளிச்சவாயா?" என்று கேட்டதாக எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னாள். இட்லிக்கடை அக்கா எப்போதும்போலக் கடை போட்டாள். காலையில் பேருந்துக்கு நிற்கும்போது அவள் எனக்குத் தட்டு நீட்டுவாள், நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு வாங்குவேன். என் முகத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஆடிக்கு அவள் கொடுத்தாளா, கொடுக்கவில்லையா? இவரிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

கூழ் வார்த்தோம். அவள் பானையும் வரிசையில் இருந்தது, கடைசிக்குச் சற்று முன்னால். கடைசி ஞாயிறு கணக்குப் படிக்க ஊர் கூடியது. மகளும் விடுதியிலிருந்து வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் தாளைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு வீடாகச் சொன்னார். "வந்திச்சி" என்றது கூட்டம். மேட்டு வீடு. வந்திச்சி. மளிகைக்கடை வீடு. வந்திச்சி. அடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், தெருவின் வரிசைதான் தாளின் வரிசையும். அவள் எனக்குப் பக்கத்தில், தோளில் தோள் இடிக்கிற தூரத்தில் நின்றிருந்தாள்.

"இட்லிக்கடை வூடு" என்றார்.

யாரும் குரல் கொடுக்கவில்லை. அதிக நேரம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். பக்கத்தில் அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது.

"வந்திச்சி!" என்றேன். நான் நினைத்ததைவிடப் பெரிய சத்தமாக வந்துவிட்டது. உடனே எனக்குப் பின்னாலிருந்து என் மகள், "வந்திச்சி" என்றாள். பிறகு எதிர்வீட்டுக்காரி. பிறகு எல்லாரும்.

அவர் தலை நிமிராமல் அடுத்த வீட்டைப் படித்தார். படித்து முடித்து, தாளைக் கற்பூரத்தில் காட்டினார். அது எரிந்து முடிகிறவரை நான் அக்கா பக்கம் திரும்பவில்லை. முகத்தை ஆத்தாவின் பக்கமே வைத்துக்கொண்டேன்.